ஈரத்துணியும் மூணாவது சிலிண்டரும்

2006 மே மாதம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போய்க்கொண்டிருந்தோம். திண்டுக்கல் தாண்டி, அய்யலூருக்குக் கொஞ்சம் முன்னால் வேன் இரண்டு தடவை இருமியது. அப்புறம் குலுங்கியது. அப்புறம் நின்றது. உள்ளே நாங்கள் எட்டுப் பேர். கிடா தனியாக ஒரு குட்டி லாரியில் வந்துகொண்டிருந்தது. அது எங்களைத் தாண்டிப் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தது. (யாருக்கு இன்று ஆயுசு கெட்டி என்று அதற்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

வேன் எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன். நோட்டீஸ் வரும், ஆசிரியர் திட்டுவார். பழைய கார்புரேட்டர் வண்டி, அவ்வளவு போதும்.

டிரைவர் இறங்கி இன்ஜினைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் எங்களுக்குப் பின்னால் மூன்று வேன்கள் வந்து நின்றன. இந்த ஜாதி மட்டும் அப்படித்தான். காரில் போகிறவன் ரோட்டில் நிற்கும் காரைப் பார்த்தால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். வேன்காரன் வேன் நிற்பதைப் பார்த்தால் லெஃப்ட் இண்டிகேட்டர் போடுவான்.

முதல் ஆள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கார்புரேட்டர்ல குப்பை மாப்ள. கழட்டி ஊது" என்றார். இரண்டாவது ஆள், "காயில் சூடாயிருக்கும். எனக்கும் இதே மாதிரிதான். காயிலை மாத்துனேன், அன்னியோட சரி" என்றார். மூன்றாவது ஆளுக்கு அறுபது வயசிருக்கும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். லீவு என்பதால் காலி வண்டி. அவர் பதிலே சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

"எங்க நின்னுச்சு தம்பி? மேட்ல ஏறும்போதா?"

"இல்லண்ணே. வடமதுரையில டீக்கடைல நிறுத்துனோம். எடுத்துக் கொஞ்ச தூரம் வந்ததும் நின்னுருச்சு."

"டீக்கடைல எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

பெரியவர் பெட்ரோல் பம்ப்பை விரலால் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ஏர் லாக்" என்றார். தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப்பில் சுற்றினார். கால் மணி நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

விஷயம் சிம்பிள். வண்டி ஓடும்போது காற்றும் ஓடும், பெட்ரோலும் ஓடும். பம்ப் சூடாகாது. சூடான இன்ஜினை ஆஃப் செய்து பத்து நிமிஷம் நிறுத்தினால், இன்ஜின் சூடெல்லாம் பம்ப்புக்கு ஏறும். உள்ளே இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். திரவத்தை இழுக்கச் செய்த பம்ப்பால் ஆவியை இழுக்க முடியாது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கலாம், இட்லிப் பானை ஆவியைக் குடிக்க முடியுமா? அதே கதைதான்.

அந்தக் கால் மணி நேரத்தில் நான் என்ன செய்தேன்? எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எழுத்து எது கிடைத்தாலும் படிப்பேன். டாஷ்போர்டைத் திறந்தேன். இன்ஷூரன்ஸ் பேப்பர், சாமி படம், பாதி பீடிக் கட்டு, இவற்றுக்கு அடியில் வண்டியோடு கம்பெனி கொடுத்த கையேடு. முழுக்கப் புரட்டினேன். சிகரெட் லைட்டரை எப்படி உபயோகிப்பது என்று அரைப் பக்கம். ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரே வரி. அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும். அய்யலூர் பொட்டலில், மே மாத வெயிலில்!

புத்தக விமர்சனம் என்றால் கவிதைத் தொகுப்பு, நாவல் என்றுதான் எழுதுகிறோம். ஒரு மனுஷன் கழுத்து வியர்க்க, கையில் கிரீஸோடு, உயிருக்குப் போராடும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற எழுத்தை யாரும் விமர்சனம் செய்வதில்லை. இந்த வாரம் அதைத்தான் செய்யப்போகிறேன். கம்பெனி எழுதும் கையேடு ஒரு பக்கம். வேன்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வைத்தியம் இன்னொரு பக்கம்.

இந்த இரண்டாவது ஜாதியில் ஒரு கிளாசிக் உண்டு. 1969-ல் அமெரிக்காவில் வந்தது. ஜான் மியூர் என்பவர் எழுதியது. பெயர் 'ஹவ் டு கீப் யுவர் வோக்ஸ்வேகன் அலைவ்'. வோக்ஸ்வேகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். முழு முட்டாளுக்கான செய்முறை என்று உபதலைப்பு வேறு. வாசகனை அட்டையிலேயே முட்டாள் என்று திட்டிவிட்டு இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம். (நான் அப்படி ஒரு தலைப்பு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.)

வோக்ஸ்வேகன் வேன் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்னால் வட்டமாக ஒரு எம்பளம், அப்பாவி முகம், பெரும்பாலும் இரண்டு கலர் பெயின்ட். 1950-ல் ஜெர்மனியில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பிரேசிலில் 2013 கடைசி வரை செய்துகொண்டிருந்தார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஹிப்பிகள் இந்தியாவுக்கு ஓட்டிவந்த வண்டிகளில் இதுவும் உண்டு. காபூலில் இன்ஜின் நின்றால் எந்த டீலரை அணுகுவது? அதற்குத்தான் மியூர்.

மியூர் படித்த இன்ஜினீயர். விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நியூ மெக்ஸிகோ பக்கம் போய், ஊரில் இருக்கிறவர்களின் வண்டிகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அந்த அனுபவம்தான் புத்தகம். பீட்டர் அஷ்வாண்டன் என்பவர் படம் போட்டார். என்ன படம்! போல்ட், நட், வயர் எல்லாம் ஒரு கார்ட்டூனிஸ்டின் கையால். ஆனால் ஒரு வாஷர்கூடத் தப்பான இடத்தில் இருக்காது. புத்தகத்தை ஸ்பைரல் பைண்டிங் செய்திருந்தார்கள். ஏன்? தரையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது. இரண்டு கையிலும் ஸ்பானர் இருக்கிறவன்தான் வாசகன் என்று தெரிந்துகொண்டு செய்த காரியம். வாசகனுக்கு மரியாதை என்றால் எனக்கு இதுதான். அட்டையில் முட்டாள் என்று சொன்னதை அங்கேயே மன்னித்துவிடலாம்.

மியூரிடம் குறையும் உண்டு. ஜோக் சில இடங்களில் நீளும். வண்டிக்கும் கர்மா உண்டு என்கிற தோரணையில் பேசுவார். வால்வு சுருதி கேட்க ஜென் துறவியாக வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஆள் கறார். வண்டி என்ன நிலைமையில் இருக்கும், என்னென்ன சாமான் வேண்டும், எதை முதலில் கழற்றணும், எங்கே கை சுடும், எல்லாம் வரிசையாக வரும்.

அந்த வண்டியின் பிரசித்தி பெற்ற வியாதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூணாவது சிலிண்டர். வோக்ஸ்வேகன் இன்ஜின் காற்றால் குளிரும் இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு மின்விசிறி நாலு சிலிண்டருக்கும் காற்று அனுப்பும். ஆனால் எண்ணெயைக் குளிர வைக்கிற ஆயில் கூலரை அந்தக் காற்றுப் பாதையிலேயே, மூணாவது சிலிண்டருக்கு நேராக வைத்துவிட்டார்கள். நாலு பேர் படுத்திருக்கும் ரூமில் ஒருத்தனுக்கு மட்டும் ஃபேன் காற்றை மறைத்துக்கொண்டு ஒரு பீரோ நிற்கிற மாதிரி. கூலரைத் தொட்டுச் சூடேறிய மிச்சக் காற்றுதான் அவனுக்கு. விளைவு, மூணாவதில் எக்ஸாஸ்ட் வால்வு எரியும். சில சமயம் தலை உடைந்து உள்ளே விழும். அதோடு இன்ஜின் காலி.

வேன்காரர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? டேப்பட் செட்டிங்கை அடிக்கடி பார்த்தார்கள். மூணாவதுக்கு மட்டும் கேப்பைக் கொஞ்சம் தாராளமாக விட்டார்கள். மெக்கானிக்குக்கு மெக்கானிக், ஓனருக்கு ஓனர் இது பரவியது. 1971 மாடலில் கம்பெனியே அந்த ஆயில் கூலரை நகர்த்தித் தனியாகக் காற்று கொடுத்தது. ரோட்டோரத்தில் பேசிக்கொண்டிருந்தது கற்பனை இல்லை என்று ஆயிற்று.

நான் பி.காம். இன்ஜினைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். ஆனால் இந்த இடத்தில் கணக்குப்பிள்ளை புத்திதான் உதவுகிறது. ஒரு ஓனரிடம் இருப்பது ஒரு வேன். அவனுக்கு வால்வு எரிந்தால் அது ஒரு வவுச்சர், அவ்வளவுதான். நான் வேகமாக ஓட்டிவிட்டேனோ, சகுனம் சரியில்லையோ, மச்சினன் கண்ணு பட்டுவிட்டதோ என்று தன்னையே நொந்துகொள்வான். கம்பெனியிடம் இருப்பது லெட்ஜர். எந்தப் பார்ட் எத்தனை போகிறது, எந்த வருஷத்து வண்டியில் போகிறது என்று ஸ்பேர்பார்ட்ஸ் கணக்கைப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் லெட்ஜர், மறு பக்கம் ஒற்றை வவுச்சர். பேரம் எப்படி நியாயமாக இருக்கும்? பத்து ஓனர்கள் உட்கார்ந்து, "உனக்கும் மூணாவதா?" என்று கேட்டுக்கொள்கிற நிமிஷத்தில்தான் இந்தப் பக்கமும் ஒரு லெட்ஜர் பிறக்கிறது.

அமெரிக்காவில் மினிவேன் என்றால் குடும்ப வண்டி. கிரைஸ்லர் கம்பெனி 1984 மாடலாகக் கொண்டுவந்தது. குழந்தை குட்டி, நாய், சைக்கிள் எல்லாம் அதில்தான். 1989-ல் அந்த வேன்களுக்கு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. அதற்கென்று தனி எண்ணெய் வேண்டும், வேறு எண்ணெய் ஊற்றினால் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கையேட்டிலோ ஆயில் அளக்கும் குச்சியிலோ என்ன எழுதியிருந்தது? அந்த எண்ணெய் கிடைக்காவிட்டால் கடையில் கிடைக்கும் டெக்ஸ்ரான் ஊற்றலாம் என்று! படித்தவர்கள் படித்தபடி செய்தார்கள். கியர்பாக்ஸ் உதறியது. கோளாறு முற்றியதும் கம்ப்யூட்டர், வண்டியை இரண்டாவது கியரிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. ஹைவேயில் இரண்டாவது கியர்! புத்தகத்தைப் படிக்காமல், "அதை ஊத்தாதே" என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதைக் கேட்டவன் பிழைத்தான். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு (நம்மில் பலர் அப்படித்தான்) இது நல்ல பாடம்.

டொயோட்டாவின் சியன்னா வேன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1997-லிருந்து 2002 வரை வந்த சில இன்ஜின்களில் எண்ணெய் கெட்டியாகித் தார் மாதிரி உள்ளே அப்பிக்கொண்டது. இன்ஜின் ஜாம். முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? நீங்கள் ஒழுங்காக ஆயில் மாற்றவில்லை. ஒரு தனி ஆள் இதைக் கேட்டால் என்ன செய்வான்? மாற்றினோமா, மாற்றவில்லையா என்று தன் ஞாபகத்தையே சந்தேகப்படுவான். ஆனால் ஓனர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளை எடுத்து வைத்தார்கள். ஒருத்தர் மறந்திருக்கலாம், இத்தனை பேரும் மறப்பார்களா? 2002-ல் கம்பெனி இறங்கி வந்தது. வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து எட்டு வருஷம் வரை இந்த ரிப்பேரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. மற்ற மாடல்களையும் சேர்த்து சுமார் 33 லட்சம் வண்டிகள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் தொண்டை வறளக் கத்தியது வீண் போகவில்லை.

சரி, ஓனர்கள் சொல்வதெல்லாம் வேதமா என்றால் இல்லை. இங்கேதான் விமர்சனம் தேவைப்படுகிறது.

"எனக்கு காயில் மாத்துனதும் சரியாயிடுச்சு" என்றாரே இரண்டாவது ஆள், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் காயில் மாற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதற்குள் இன்ஜின் ஆறியிருக்கும். ஆறினால் ஏர் லாக் தானாகப் போய்விடும். பெயர் வாங்கியது காயில், வேலை செய்தது நேரம். இந்த மாதிரி வைத்தியங்கள்தான் பாதிக்குப் பாதி. அதோடு, சரியான ஆள்தான் வந்து கதை சொல்வான். காயிலை மாற்றியும் சரியாகாதவன் கடுப்பில் வண்டியை விற்றுவிட்டுப் போயிருப்பான். அவன் குரல் எந்த ஸ்டாண்டிலும் கேட்காது.

எல்லோரும் ஒருமித்துச் சொல்லும் தப்பும் உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்பது அதில் முக்கியமானது. "நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்கு சார்? குளிர் தேசத்துக்காரன் வச்சது." கேட்கத் தர்க்கமாக இருக்கும். ஆனால் இன்ஜினுக்கு என்று ஒரு சூடு வேண்டும். அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிவிடும், சூடு குறைவதற்குப் பதில் ஏறும். எத்தனை மெக்கானிக் ஷெட்களில் எத்தனை தெர்மோஸ்டாட்கள் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்!

அதுகூடப் பரவாயில்லை, பர்ஸோடு போகிறது. வீட்டு காஸ் சிலிண்டர் விஷயம் அப்படியில்லை.

பெட்ரோல் விலை ஏற ஏற, வேன்காரர்களுக்குள் ஒரு ஐடியா பரவியது. சமையல் காஸை வேனில் மாட்டி ஓட்டு. எல்.பி.ஜி-யில் வண்டி ஓட்டச் சட்டம் 2000-லேயே அனுமதித்துவிட்டது, ஆனால் அதற்கு உண்டான டேங்க்கும் கிட்டும் வைத்து, ஆர்.சி-யில் ஏற்றி ஓட்டவேண்டும். அந்த டேங்க்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கிற வால்வு இருக்கும். வெயிலில் காஸ் விரிவதற்கு இடம் வேண்டுமே. குழாய் அறுந்தால் அடைத்துக்கொள்கிற ஏற்பாடும் இருக்கும். அடுப்படிச் சிலிண்டரில் இதெல்லாம் இல்லை. அது அடுப்படியில் நின்றபடி, மேலே இருக்கிற ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் செய்தது. அதைச் சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே வெளியே வரும். காற்றைவிடக் கனமான காஸ், கசிந்தால் மேலே போகாது, வண்டித் தரையில் தேங்கும். ஒரு ஸ்பார்க் போதும். அப்படி எரிந்த வேன்களைப் பற்றி நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள், நானும் டெஸ்க்கில் உட்கார்ந்து எடிட் செய்திருக்கிறேன். அந்த வேன்களில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த யோசனையைச் சொன்னவன் வில்லன் இல்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு மிச்சம் என்று பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டிய இன்னொரு வேன்காரன்தான். கணக்கு சரி. ஆனால் வரவை மட்டும் எழுதிவிட்டு, வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒரு பைசாகூட ஒதுக்காத கணக்கு. எங்கள் பாஷையில் புரொவிஷன் போடாத பேலன்ஸ் ஷீட். இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையை வைத்து லாபம் காட்டுகிற பேலன்ஸ் ஷீட். மியூர் தன் புத்தகத்தில் வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு அதை நம்பி அடியில் படுக்கிறவனுக்கு எச்சரிக்கை வைக்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். நம் ரோட்டோர வைத்தியத்தில் அந்த ஒரு வரிதான் அடிக்கடி காணாமல் போகிறது.

அதனால்தான் எனக்கு அந்த அறுபது வயசுப் பெரியவர்மேல் இத்தனை பிரியம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் எல்லோரும் கை தட்டினோம். எனக்குத் திமிர், விடாமல் கேட்டேன்.

"ஐயா, துணி சுத்தாம சும்மா கால் மணி நேரம் நின்னிருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்குமில்ல?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆகியிருக்கும் சார். ஆனா திரும்ப நாலு கிலோமீட்டர்ல நின்னிருக்கும். துணி ஈரமா இருக்கிறவரைக்கும் ஓடும். கோயில் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். இது வைத்தியம் இல்ல." அப்புறம் எங்கள் டிரைவரிடம் திரும்பினார். "பம்ப்புக்கு அடியில தடியா ஒரு பேக்கிங் வரும் தம்பி. இன்ஜின் சூடு ஏறாம இருக்க வச்சது. உன் வண்டில அது இல்ல. கடைசியா யார் இன்ஜினைப் பிரிச்சா?"

டிரைவர் பேந்தப் பேந்த விழித்தார். போன மாசம்தான் வேலை நடந்திருந்தது. யாரோ ஒரு மெக்கானிக், அந்தத் தடி பேக்கிங் எதற்கு என்று தெரியாமல், மெல்லிசாக ஒரு பேப்பர் பேக்கிங்கை வைத்துப் பூட்டிவிட்டார். ஊர் திரும்பியதும் மாற்றினார்கள். அதற்கப்புறம் அந்த வண்டி டீக்கடைகளைக் கண்டு பயப்படவில்லை.

இப்போது கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, ஈரத்துணி சுற்ற இடமில்லை. பதிலுக்கு டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. வேன்காரர்கள் சும்மா இருப்பார்களா? சின்னதாக ஒரு கருவி வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் கோடு நம்பர் பார்த்து அதைப் பரிமாறிக்கொள்கிறார்கள்.

அதே டிரைவர் போன மாசம் போன் செய்தார். இப்போது சொந்தமாக பி.எஸ்-6 வேன் வைத்திருக்கிறார்.

"சார், பி0300-ன்னு வருது. ஸ்டாண்ட்ல ஒருத்தன் பிளக்குங்கறான், ஒருத்தன் காயிலுங்கறான். வண்டியோட குடுத்த புக்கு இங்கிலீஷ்ல இருக்கு, என்ன போட்டிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

வாட்ஸ்அப்பில் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தால் அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும் என்று போட்டிருந்தது. அதைச் சொன்னேன். கெட்ட வார்த்தையில் ஏதோ முணுமுணுத்தார்.

"அது இருக்கட்டும். எப்ப வருது? மேட்ல ஏறும்போதா, காலையில எடுத்ததுமா?" என்று கேட்டேன்.

"இருங்க சார், வண்டியை ஓரம் கட்டிட்டுப் பேசறேன்" என்றார்.